குச்சி நட்டு பொதைச்ச தண்ணி

என் பொண்டாட்டி வரலட்சுமி, சுருக்கமா 'வரா', இருவத்தஞ்சு கிலோமீட்டர் நடந்து காட்றேன்னு அவ ஆபீஸ் மேனேஜர்கிட்ட சவால் வுட்டுட்டு வந்துட்டா. வந்துட்டு என்கிட்ட சொல்றா, "நடக்கறது என் வேலை. எப்ப கெளம்பறது, தண்ணிக்கு இன்னா பண்றதுன்னு பாக்கறது உன் வேலை."

நாங்க செங்கல்பட்டுல கீறோம். அவ டெய்லி ட்ரெய்ன் புடிச்சி கூடுவாஞ்சேரி போவா. அங்க ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மூணு மாடி. எந்த பாத்ரூம்ல சோப்பு தீந்துச்சு, எந்த பொண்ணு காலைல சாப்புடாம வந்து தொடைக்குது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன வருஷம் ஜூன்ல கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு. மூணு மாசம் லீவு. திரும்பிப் போனா, மேனேஜர் கிருபாகரன் அவள கீழ ஸ்டோர் ரூம்ல ஒரு சேர் போட்டு உக்கார வெச்சிட்டாரு. நல்ல மனசுல தான் செஞ்சாரு, நான் கொற சொல்லமாட்டேன். "ரெஸ்ட் எடுங்கக்கா, மாடிய வேற ஆள் பாத்துக்கட்டும்"னாரு.

ஆனா அவ ரெஸ்ட் எடுக்கற ஆள் இல்ல. அஞ்சு மாசமா ஃபினாயில் வாசனைக்கு நடுவுல உக்காந்துகினு கீறா. வூட்டுக்கு வந்தா பேச்சே இல்ல. டிவிய போட்டுட்டு டிவிய பாக்காம செவுத்த பாப்பா.

"டாக்டரே நடக்கலாம்னுட்டாரு. மூணு கிலோவுக்கு மேல தூக்காதன்னாரு, அவ்ளோ தான். இந்தாளு யாரு என் கால கட்டிப்போட?"ம்பா.

பெப்ரவரி மொத வாரத்துல கிருபாகரன், பதினாறாம் தேதி திங்கட்கிழமைலேருந்து மாடி டூட்டிக்கு வேற ஒரு அம்மா பேர நெரந்தரமா போடப்போறேன்னு சொல்லிட்டாரு. இவளுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அதுக்குள்ள நான் ஒரே நாள்ல இருவத்தஞ்சு கிலோமீட்டர் நடந்து போட்டோ அனுப்புனா?"ன்னு கேட்டுட்டா. அவரு சிரிச்சாராம். "நடந்துட்டா மூணு மாடியும் உங்களுதுக்கா. நடக்கலன்னா ஸ்டோர் ரூம் தான், அப்பால கேக்கக்கூடாது." வண்டி, ஆட்டோ, எதுலயும் ஏறக்கூடாதுன்றது இவளா போட்டுகின ரூலு.

இதுல அவ ஆபீஸ்ல சொல்லாத விஷயம் ஒண்ணு கீது. பொங்கல் லீவுல நாங்க ஏற்கனவே ஒரு தடவ நடந்து பாத்து தோத்துட்டோம். மகாபலிபுரத்துலேருந்து ரோட்டு ஓரமா தெக்க நடந்தோம். வவுறு நெறைய நாஸ்தா துன்னுட்டு எட்டு மணிக்கு கெளம்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டல். பத்தாவது கிலோமீட்டர்ல தண்ணி காலி, அவளுக்கு தல சுத்தி ரோட்டு ஓரம் உக்காந்துட்டா. ஷேர் ஆட்டோல வந்தோம்.

அது என் தப்பு. இத நான் ஒத்துக்கினே ஆவணும். ஏன்னா நான் அணுபுரம் டவுன்ஷிப்ல பம்ப் ஆபரேட்டர். கான்ட்ராக்ட் தான், ஆனா பத்தொம்பது வருஷம். காலைல அஞ்சரைக்கு வால்வு தெறந்தா ஏழரைக்கு மூடுவேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆனதில்ல. ஊருக்கெல்லாம் டைமுக்கு தண்ணி வுடறவன், சொந்த பொண்டாட்டிய தண்ணி இல்லாம உக்கார வெச்சிட்டேன்னா எப்டி இருக்கும்?

அதனால இந்த தடவ நோட்டு போட்டு ப்ளான் பண்ணேன். ரோடு வேணாம், தார் சூடு. கடற்கரையோரமா நடக்கலாம். பாலாறு கடல்ல சேர்ற எடத்துக்கு தெக்கால கடலூர் குப்பம்னு ஒண்ணு கீது. அங்கேருந்து கடப்பாக்கம் ஆலம்பரை கோட்டை வரைக்கும், மேப்புல அளந்தா சரியா இருவத்தஞ்சு.

கடப்பாக்கத்துல எனக்கு தெரிஞ்சவரு நீலமேகம். மீன் புடிக்கறவரு. அவரு சம்சாரம் வச்சலா டவுன்ஷிப் கேட்டாண்ட மீன் விக்கும், அந்த பழக்கம். போன் போட்டேன்.

"மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு கெளம்பறோம். ஒரு மணிக்குள்ள கோட்டைக்கு வந்துருவோம்"னேன்.

"இன்னாத்துக்கு அஞ்சு மணிக்கு?"

"வெயிலுக்கு முன்னாடி பாதி தூரம் தாண்டிடலாம்ல?"

"வெயில பாத்தியே, கடல பாத்தியா? ஞாயித்துக்கெழம அமாவாச கிட்ட. காலைல ஏழு எட்டு மணிக்கு கடல் நல்லா ஏறி நிக்கும். ஈர மணலு மொத்தம் தண்ணிக்குள்ள பூடும். நீ மேல பொத பொதன்னு கீற மணல்ல தான் நடக்கணும். ஒரு அடி வெச்சா அரை அடி பின்னாடி இழுக்கும். ஏழு மணிக்கு மேல கெளம்பு, தண்ணி வத்த வத்த கெட்டி மணலு கெடைக்கும்."

"ஏழுன்னா உச்சி வெயில்ல மாட்டிக்குவோம் மச்சான்."

"சரி, அத்த வுடு. கோட்டைக்கு முன்னாடி ஆத்து வாய் ஒண்ணு கீதே, கழிவெளின்ற உப்பங்கழி கடல்ல சேர்ற எடம், அத்த எப்டி தாண்டுவ?"

"போன்ல பாத்துட்டேன். கடல் ஒண்ணு இருவதுக்கு நல்லா வத்திடும். அந்த டைமுக்கு முன்னாடி வந்துட்டா நடந்தே தாண்டலாம்."

"உன் போன் கடலுக்கு சொல்லுது, ஆத்து வாய்க்கு சொல்லுதா? நீ ரெண்டு மணிக்கு மேல வா. சொன்னா கேளு."

ரெண்டு மணின்னா அவரு மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வர டைமு. அதுக்கு தான் சொல்றாருன்னு நான் நெனச்சிகினேன். நோட்டுல 'கெளம்பறது அஞ்சு, ஆத்து வாய் ஒண்ணு'ன்னு எழுதிட்டேன்.

அடுத்தது தண்ணி. ரெண்டு பேருக்கு மொத்தம் பதினோரு லிட்டர்னு கணக்கு வந்துச்சு. அவ தூக்கக்கூடாது. நான் மூணு லிட்டர் தூக்கிகினு போவேன். மீதி எட்ட முன்னாடி நாளே வழில ரெண்டு எடத்துல பொதைச்சி வெச்சிடலாம். ஒம்போதாவது கிலோமீட்டர்ல நாலு, பதினேழாவதுல நாலு. மேல வெச்சா யாரனா எடுத்துக்குவாங்க, வெயில்ல வெந்நீர் ஆயிடும். மண்ணுக்குள்ள ஜில்லுனு இருக்கும்.

சனிக்கெழம மத்தியானம் வண்டில போனோம். நான் முட்டி போட்டு மணல தோண்டறேன். அவ நின்னுகினு பாக்கறா.

"இன்னிக்கு தேதி பதினாலுயா."

"ஆமா, அதுக்கு இன்னா?"

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு ரோஜாப்பூ வாங்கித் தரான். நீ குழி தோண்டிக்கினு கீற."

"பூவு ரெண்டு நாள்ல வாடிடும். தண்ணி வாடுமா?"

"பேசுவ, நல்லா பேசுவ."

பாட்டல எறக்கி மண்ண மூடிட்டு, பழக்க தோஷத்துல நாலு பக்கமும் நாலு குச்சி நட்டேன். எங்க வேலைல எங்க பள்ளம் தோண்டினாலும் நாலு குச்சி நட்டு சுத்தி ரிப்பன் கட்டணும், தேதி எழுதி வெக்கணும். இல்லன்னா எவனாச்சும் கால வெச்சிடுவான், நமக்கு மெமோ வரும். அதே மாதிரி அவ பழைய சேப்பு நைட்டிய கிழிச்சி சுத்தி கட்டி, ஒரு அட்டைல '14/2'ன்னு எழுதி சொருவிட்டேன். ரெண்டு எடத்துலயும் அப்டியே செஞ்சேன். தள்ளி நின்னு பாத்தா அவ்ளோ அழகா இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம காலைல வண்டிய கடலூர் குப்பத்துல ஒரு டீக்கடையாண்ட வுட்டுட்டு, டாண்ணு அஞ்சு மணிக்கு கெளம்பினோம். என் பைல மூணு லிட்டர் தண்ணி, புளிசோறு, உப்பு சர்க்கர பொட்டலம், அப்பால என் டிடிஎஸ் மீட்டரு. தண்ணில உப்பு எவ்ளோ கீதுன்னு காட்ற பேனா மாதிரி ஒண்ணு. பம்ப் ஹவுஸ்ல டெய்லி வெச்சி பாக்கறது, எங்க போனாலும் பாக்கெட்டுலயே இருக்கும். அவ கைல ஒரு தொப்பி மட்டும்.

மொத ஒரு மணி நேரம் சொர்க்கம். காத்து ஜில்லுனு வருது. நண்டுங்க எங்கள பாத்து குடுகுடுன்னு பொந்துக்குள்ள ஓடுது. ஒரு நாயி எங்க கூடவே வந்துச்சு. வரா கைய வீசிகினு பாட்டு முணுமுணுத்துகினு நடக்கறா. அஞ்சு மாசத்துல நான் கேட்ட மொத பாட்டு.

ஆறரைக்கு மேல நீலமேகம் சொன்னது ஆரம்பிச்சிது. கடல் ஏறி ஏறி வந்து ஈர மணல மொத்தமா முழுங்கிடுச்சு. மேல பொத மணலு. முட்டி வரைக்கும் வலி. ஒரு கிலோமீட்டருக்கு இருவது நிமிஷம் ஆவும்னு எழுதி வெச்சிருந்தேன், அரை மணி நேரம் ஆவுது.

"உன் நோட்டுல இது கீதா?"ன்னா.

"இல்ல."

"நீலமேகண்ணன் சொன்னது?"

"அதுவும் எழுதல."

"நல்ல நோட்டு."

ஒம்போதாவது கிலோமீட்டருக்கு எட்டு மணிக்கு வந்துருக்கணும். எட்டே முக்காலுக்கு வந்தோம். கொண்டு வந்த மூணு லிட்டர்ல ஒரு டம்ளர் தான் மிச்சம். பரவால்ல, அதோ நம்ம குச்சி தெரியும்னு எட்டிப் பாத்தா, நம்ம குச்சிய சுத்தி ஒரு கும்பலே நிக்குது.

கிட்ட போனா, என் நாலு குச்சிக்கு வெளிய இன்னும் எட்டு கழி நட்டு, பழைய வலைய சுத்தி வேலி போட்டு கீது. பக்கத்துல ஒரு அம்மா டார்ச்சு லைட்ட இடுப்புல சொருவிகினு கால நீட்டி உக்காந்துகினு கீது. பேரு பவானியாம், அந்த குப்பத்து பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் வலைய தூக்கினு உள்ள கைய வுட்டேன்.

"யோவ் அண்ணாத்த! கைய எடு! கைய எடு! ஆம முட்ட கீது உள்ள!"

"ஆம முட்டையா?"

"இப்ப தான ஆம கரைக்கு வந்து முட்ட வெக்கற சீசனு. நம்ம ஊர்ல முட்டைய காவக் காக்கறது நான் தான். முட்ட வெச்ச எடத்துல குச்சி நட்டு, துணி கட்டி, தேதி எழுதி வெப்போம். நேத்து சாயங்காலம் வந்தா இங்க புதுசா ஒண்ணு கீது. நான் வெக்கல. பக்கத்து ஊரு ஆளு எவனோ பாத்துட்டு வெச்சிட்டு போயிருக்கான். நாயி நரி தோண்டிடும்னு வேலி போட்டு காவ இருக்கேன்."

வரா வாய பொத்திகினா. அவ தோள்பட்ட குலுங்குது.

"அம்மா," ன்னேன், "அது முட்ட இல்ல. தண்ணி."

"இன்னாது?"

"நான் தான் பொதைச்சேன். நாலு பாட்டல்."

கும்பல்ல ஒரு ஆளு சொன்னாரு, "பவானி, முட்ட திருட வந்தவன் தான் இப்டி கத வுடுவான். நம்பாத." உடனே எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. வரா தான் முன்னாடி வந்து அந்த சேப்பு துணிய புடிச்சி காட்டினா. "இங்க பாரும்மா. இது என் நைட்டி. இந்த பாக்கெட்டு நான் தெச்சது. ஆம பாக்கெட்டு வெச்ச நைட்டி போட்டுகினா முட்ட வெக்கும்?"

பவானி துணிய பாத்துச்சு. என்ன பாத்துச்சு. அப்பால அதுவே கையால மெதுவா, முட்ட ஒடஞ்சிடப்போவுதேன்ற மாதிரி பதமா தோண்டுச்சு. மொத பாட்டல் மூடி வெளிய தெரிஞ்சிது பாருங்க, அந்த கும்பல் சிரிச்ச சிரிப்பு கடல் சத்தத்தயே அமுக்கிடுச்சு. "ஆம நாலு முட்ட வெச்சிருக்குடா, மூடி போட்டு!"ன்னு ஒருத்தன். "பொரிச்சா வாட்டர் டேங்க் வரும்!"னு இன்னொருத்தன்.

"பேஜாரு புடிச்ச ஆளுயா நீ," பவானிக்கு கண்ல தண்ணி. "இதுக்கா நான் தூங்காம உக்காந்துகினு இருந்தேன்?"

நான் கைய கூப்பி மன்னிப்பு கேட்டேன். வரா புளிசோத்துல பாதிய அதுக்கு குடுத்தா. எதுக்கு நடக்கறோம்னு வரா சொல்லச் சொல்ல, பவானி சாப்புடறத நிறுத்திட்டு கேட்டுச்சு. "ஆபரேஷன் ஆனா உக்கார வெச்சிடுவானுங்களா? எனக்கும் தான்க்கா ரெண்டு வருஷம் முன்னாடி ஆச்சு. நான் ராத்திரி முழுக்க அஞ்சு கிலோமீட்டர் ஆம பாத்துகினு நடக்கறேன். நீ நட. வுடாத."

அப்பால திடீர்னு என்ன பாத்து கேட்டுச்சு, "அண்ணாத்த, வேற எங்கனா இந்த மாதிரி வெச்சிக்கிறியா?"

"பதினேழாவது கிலோமீட்டர்ல ஒண்ணு..."

தலைல அடிச்சிகினு அந்த ஊர்ல முட்ட பாக்கற ஆளுக்கு போன் போட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டுச்சு, அதனால நாங்களும் கேட்டோம். "ஏய், அது ஆம முட்ட இல்லியாமே!"ன்னு இது சொல்லுச்சு. அந்தாளு சொன்னாரு, "நேத்தே தோண்டிட்டோம். முட்டைய பத்தரமா வேற எடத்துக்கு மாத்தலாம்னு தோண்டினா தண்ணி பாட்டலு. பந்தாடிகினு இருந்த பசங்க குடிச்சிட்டானுங்க. நல்லா ஜில்லுனு இருந்துச்சாம்!"

ஆக, நாலு லிட்டர் போச்சு. மிச்சம் கைல நாலு லிட்டரு, போவ வேண்டிய தூரம் பதினாறு கிலோமீட்டரு, உச்சி வெயில் பாக்கி. பொங்கல் லீவுல அவ ரோட்டோரம் உக்காந்துகினு இருந்தது என் கண்ணு முன்னாடி வந்துச்சு. ரெண்டு ஊர்லயும் கொழாய் இல்லியான்னு கேட்டேன். பைப்பு ஒடஞ்சி ஒரு வாரம் ஆச்சாம், லாரி தண்ணி சாயங்காலம் தான் வருமாம்.

"இதுக்கா யோசிக்கற?" பவானி சொல்லுச்சு. "கடலு பக்கத்துல நல்ல தண்ணிக்கு இன்னா பஞ்சம்? நீ ரெண்டாவதா பொதைச்ச எடத்தாண்டயே சவுக்கு தோப்பு கீது. மணல் மேட்ட தாண்டி ஊர் பக்கமா எறங்கி, அடப்பங்கொடி படந்து கீற எடமா பாத்து தோண்டு. ஊத்து வரும்."

கெளம்பறப்ப மணி ஒம்போதே முக்கால். கடல் எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போவ, கெட்டி மணலு பளபளன்னு வெளிய வருது. தார் ரோடு மாதிரி கீது. வரா செருப்ப கழட்டி கைல புடிச்சிகினு நடக்க ஆரம்பிச்சா. நான் பின்னாடி ஓடணும் போல இருந்துச்சு.

"மெதுவா போடி, வேர்த்தா தண்ணி ஜாஸ்தி செலவாவும்."

"நீ பேசாத. பேசினா உனக்கு செலவாவும்."

பன்னெண்டு மணிக்கு பதினேழாவது கிலோமீட்டர். தண்ணி அரை லிட்டர் கீது. வராவுக்கு மொகம் செவந்து போச்சு, ஒதடு காஞ்சி கீது. எதுவும் சொல்லமாட்டா, ஆனா பாட்டு நின்னு போச்சு. அத வெச்சே எனக்கு தெரிஞ்சிது. சவுக்கு நெழல்ல அவள உக்கார வெச்சிட்டு, அடப்பங்கொடி இருக்கற எடமா பாத்து, தேங்கா ஓடு ஒண்ண எடுத்து தோண்ட ஆரம்பிச்சேன்.

ரெண்டு அடில மணலு ஈரமாச்சு. ரெண்டரைல தண்ணி கசிஞ்சி வந்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. பம்ப்காரன் புத்தி இன்னா சொல்லும்? இன்னும் ஆழமா போனா இன்னும் தண்ணி. வேகமா தோண்டினேன். நாலு அடி. தண்ணி பொங்கி வருது. மீட்டர உள்ள வுட்டு பாத்தா மூவாயிரத்து நூறு. வாய்ல வெச்சா உப்பு. கடல் தண்ணிய தூக்கி உள்ள வுட்ட மாதிரி. நான் அந்த குழிலயே தலைய தொங்கப்போட்டு உக்காந்துட்டேன்.

வரா எழுந்து வந்து எட்டிப் பாத்தா.

"மொதல்ல வந்த தண்ணிய பாத்தியா?"

"இல்ல. தோண்டிகினே இருந்தேன்."

"ஏன்யா, கொழம்பு கொதிக்கறப்ப எண்ண மேல மெதக்குமா, கீழ போவுமா? நல்ல தண்ணி மேல நிக்கும், உப்பு தண்ணி கனம், கீழ நிக்கும். நீ மேல இருந்தத தாண்டி கீழ பூட்ட. நவுரு."

நான் சொல்ல சொல்ல கேக்காம பத்து அடி தள்ளி உக்காந்து கையாலயே தோண்டினா. அகலமா, ஆழம் இல்லாம, கோழி கெளர்ற மாதிரி. ரெண்டு அடில ஈரம். இன்னும் ஒரு சாண். தண்ணி கசிஞ்சி வந்ததும் கைய எடுத்துட்டா. "போதும். தொடாத. காத்துகினு இரு." நான் கையக் கட்டிகினு நிக்கறேன். பத்தொம்பது வருஷம் மோட்டார் வெச்சி தண்ணி எடுத்தவன், ஒரு குழி தானா நெறையறத பாத்துகினு நிக்கறேன். கால் மணி நேரத்துல கலங்கல் அடங்கி கண்ணாடி மாதிரி ஆச்சு.

மீட்டரு வுட்டேன். இருநூத்தி முப்பது.

"வரா! இருநூத்தி முப்பது! டவுன்ஷிப்ல நான் வுடற தண்ணியே நானூறு!"

"உங்க ஆபீசர்கிட்ட சொல்லு, என்ன வேலைக்கு வெச்சிக்க சொல்லி."

அவ துப்பட்டாவுல வடிகட்டி, கை கையா அள்ளி குடிச்சோம். அந்த ருசிய எப்டி சொல்றதுன்னு தெரியல. மூஞ்சிக்கு ஊத்திகினா. எனக்கும் ஒரு கை ஊத்தினா, காதுக்குள்ள. மூணு பாட்டல் ரொப்பிகினோம். கெளம்பறப்ப பாட்டு திரும்பி வந்துடுச்சு.

ஆனா என் மனசு மட்டும் ஆத்து வாயிலயே இருந்துச்சு. ஒண்ணு இருவது தாண்டிடுச்சு. ஒண்ணரை. ரெண்டு. கடல் வத்தி முடிஞ்சி திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கும். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கீது. ஆத்து வாய் ரொம்பிட்டா நடந்து தாண்ட முடியாது. சுத்தி பாலம் வழியா போனா எத்தன கிலோமீட்டர்னு தெரியாது. படகுல ஏறினா அவ ரூலு ஒடையும். அவகிட்ட சொல்லல. மணிய பாத்து பாத்து நடந்தேன்.

ரெண்டு நாப்பதுக்கு ஆத்து வாய். அந்தப் பக்கம் கோட்டை செவுரு செங்கல் செங்கலா தெரியுது. நடுவுல தண்ணி கழிவெளிலேருந்து கடலுக்கு ஓடிகினு கீது. எவ்ளோ ஆழம்னு தெரியல. ஓரமா டூரிஸ்ட்ட ஏத்தற படகு ஒண்ணு நிக்குது. படகுக்கார தம்பி அரசு, "வாங்க சார், ரெண்டே நிமிஷம், அந்தப் பக்கம் வுட்டுடறேன்"னு கூப்புடறான்.

நான் வராவ பாத்தேன். கால்ல கொப்புளம். துப்பட்டா உப்பு பூத்து கீது. "வரா, இது ஒரு அம்பது அடி தான். இத்த கணக்குல சேக்கவேணாம். ஏறிடு, யாருக்கும் தெரியாது."

"எனக்கு தெரியும்ல?"ன்னா. "மூணாவது மாடி படிக்கட்டு ஏறும்போதெல்லாம் இந்த படகு ஞாபகம் வரும்யா. வேணாம்."

அந்தப் பக்கத்துலேருந்து ஒரு குரல். "இன்னா மச்சான், படகு பாக்கறியா? வெக்கமா இல்ல?" நீலமேகம். லுங்கிய மடிச்சி கட்டிகினு, பீடி புடிச்சிகினு, ஒரு கட்டுமரத்து மேல உக்காந்துகினு கீறாரு.

"லேட் ஆயிடுச்சு மச்சான்! ஒண்ணு இருவதுக்கு வரமுடியல!"

"வந்திருந்தா முழுவி இருப்ப! உள்ள எவ்ளோ பெரிய கழிவெளி கீது! கடல் வத்தினப்புறம் தான் அந்த தண்ணி வடிஞ்சி வெளிய வரும். ஒரு மணிக்கு இங்க கழுத்தளவு ஓடிச்சு. இப்ப தான் கரெக்ட்டு. நான் சொன்ன டைமுக்கு தான் வந்துக்கிற, உனக்கே தெரியாம!"

எழுந்து தண்ணில எறங்கினாரு. கால் கட்ட வெரலால மணல தடவி தடவி, நேரா வராம வளைஞ்சி வளைஞ்சி, மணல் திட்டு மேலயே நடந்து எங்க பக்கம் வந்தாரு. தண்ணி தொடைக்கு மேல ஏறல. "தங்கச்சி, என் பின்னாடியே வா. என் கால் வெச்ச எடத்துலயே வெய்யி. கைய புடிக்கட்டுமா?"

"வேணாண்ணே. நானே வரேன்."

செருப்ப தொப்பிக்குள்ள வெச்சி தல மேல வெச்சிகினா. எறங்கினா. நடுவுல தண்ணி இழுத்துச்சு, ஒரு நிமிஷம் அப்டியே நின்னா. பின்னாடி படகுல அரசு, "விடாதக்கா, விடாத!"ன்னு கத்தறான். காலு ஊனி, அடுத்த அடி. அடுத்தது. அந்தப் பக்கம் மணல்ல ஏறினதும் திரும்பி, எனக்கு கைய நீட்டினா. நான் இன்னும் நடுவுல கீறேன்.

கோட்டை செவுத்துல மூணு பத்துக்கு சாஞ்சி நின்னா. போன்ல இருவத்தாறு புள்ளி மூணு காட்டுச்சு. போட்டோ எடுத்தேன். தல கலைஞ்சி, மூஞ்சி கறுத்து, பல்லு மொத்தமும் தெரியற மாதிரி சிரிப்பு. கல்யாண ஆல்பத்துல கூட அப்டி ஒண்ணு கெடையாது. கிருபாகரனுக்கு அனுப்பினா. வச்சலா குண்டான்ல கானாங்கத்த மீன் கொழம்பும் சோறும் எடுத்துகினு வந்துச்சு. மூணாவது தடவ சோறு போடறப்ப மெசேஜ் வந்துச்சு. வரா சத்தமா படிச்சா: "அக்கா, மூணு மாடியும் உங்களுது. நாளைக்கு கால் வலிக்கும், செவ்வாக்கெழம வாங்க."

ஒரு கையால சோத்த பெசைஞ்சிகினே இன்னொரு கையால அடிச்சா: "நாளைக்கே வரேன் சார். எட்டு மணிக்கு."

திங்கட்கெழம காலைல அவ ஏழு பத்து ட்ரெய்ன் புடிச்சி போயிட்டா. நான் எழுந்துக்கவே முடியல. பத்தொம்பது வருஷத்துல மொத தடவ பம்ப் ஹவுஸுக்கு போன் பண்ணி லீவு சொன்னேன். காலுக்கு தைலம் தடவிகினு படுத்துகினு கீறேன், பத்தரைக்கு போன் வந்துச்சு.

"எங்க கீற?"ன்னு கேட்டேன்.

"மூணாவது மாடி." மூச்சு வாங்குது, ஆனா குரல்ல அவ்ளோ சந்தோஷம். "யோவ், இங்க குடிக்கற தண்ணி கேன் காலியா கீதுயா! சுத்தி இருவது பேர் உக்காந்து வேல செய்றாங்க, ஒருத்தர் பாக்கல. அஞ்சு மாசமா இன்னா தான் பண்ணானுங்களோ."

"நீ தூக்காத வரா! கேனு இருவது கிலோ!"

"நான் எதுக்கு தூக்கறேன்? தூக்கறதுக்கு ஆள் கீது. எப்ப காலியாவுதுன்னு பாக்கறது தான் என் வேலை"ன்னா. "சரி வெய்யி, ரெண்டாவது மாடி இன்னும் பாக்கல."